ஏதாவது ஒன்று என்று சொல்லி வாங்கிய பாட்டு

பேச்சைக் குறைத்தால் வம்பு வராது என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நான் ஒரு கடையில் நாலு சொல் பேச வேண்டிய இடத்தில் ஒரு சொல் பேசினேன். அதனால் உயிரோடு இருந்த மனிதர் ஒருவருக்குச் சாவு வீடு நடந்தது. வெள்ளைக் கொடி கட்டியவன் நான்.

அரிப்புக் கடற்கரையில் விடியற்காலை மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி வைத்துக் கட்டி, நானாட்டான் பக்கம் கொண்டுபோய் விற்பது என் தொழில். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பேச்சும் ஏறக்குறைய அதோடு முடிந்தது என்று அக்கா சொல்வார்.

முதலில் அந்தப் பாட்டு. பேசாலை ஊர்ப் பொடியன் ஒருவன் கித்தாரோடு பாடி போனில் போட்டது. ஒருவன் கடற்கரையில் நிற்கிறான். வலை காய்கிறது. அவள் வருகிறாளா என்று பார்க்கிறான். வரவில்லை. நாளைக்கும் வந்து நிற்பேன் என்கிறான். பாட்டு அவ்வளவுதான். (இதுக்கேன் நாலு நிமிசம் எண்டு அக்கா கேட்டவ.)

மூன்று மாதத்தில் அந்தப் பாட்டு பிள்ளைகுட்டி பெற்றுப் பெருகிவிட்டது. கலியாண வீட்டு பாண்ட்காரர் அதை பைலா ஆக்கினார்கள். அவன் பாவம் காத்து நிற்கிறான், சனம் இடுப்பை ஆட்டியது. எருக்கலம்பிட்டியில் ஒருவர் கித்தாரை எடுத்துவிட்டு, றபான் மட்டும் தட்டி, சொல்லை மாற்றி நோன்பு காலத்துக்குப் பாடினார். எங்கள் கோயில் பாடகர் குழு அந்தப் பெண் இருந்த இடத்தில் மாதாவை வைத்தது. மிச்சச் சொல்லைப் பெரிதாக மாற்ற வேண்டி வரவில்லை. மதவாச்சி பஸ்ஸில் அது சிங்களத்தில் போனது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனம் அம்மன் கோயில் திருவிழாவில் தப்பு அடித்துப் பாடியது. கனடாவில் இருந்து ஒருவர் பனிக்குள் நின்று பாடிப் போட்டார். (காத்து நிண்டதில உண்மையாக் கஷ்டப்பட்டது அவர்தான்.)

எனக்கு முதல் பாட்டுத்தான் பிடிக்கும். அதற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் றெஜினா.

நானாட்டானில் நான் மீன் விற்கிற ஒழுங்கையின் கடைசி வீடு அவர்களுடையது. வயல்காரர். இரண்டு வருடம் அந்த வாசல் படலையில் மீன் கொடுத்தேன். அவள் சட்டியோடு வருவாள்.

"என்ன மீன்?"

"விளைமீன்."

"நல்லதோ?"

"ஓம்."

எங்கள் காதல் இவ்வளவுதான். அதையும் காதல் என்று நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டேன். வயது முப்பத்துநாலு. அக்கா பொறுமை இழந்து தானே ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டில் பெண் கேட்டார். தாய் திரேசம்மாவுக்கு விருப்பம். தகப்பன் செபமாலை ஐயா யோசிக்க வேண்டும் என்றார். யோசித்துக்கொண்டிருக்கையில் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஏற்றும்போது திரேசம்மாவிடம் சொன்னாராம், "மீன்காரப் பொடியன்ர விசயம், நான் வந்து சொல்லுறன்."

அவர் வந்தால்தான் எனக்கு முடிவு. அந்த நெஞ்சுக்காக நான் கொளுத்திய மெழுகுதிரி, அவர் பெற்ற பிள்ளைகள் கொளுத்தியதைவிடக் கூட.

அந்த நேரம் பார்த்துச் சோளகக் காற்று. கடல் எழும்பி நின்றது. இரண்டு கிழமை மீன் இல்லை, நானாட்டான் பக்கம் நான் போகவில்லை. சும்மா இருந்தபோது ஒரு புத்தி வந்தது. பாண் விற்கிற ஓட்டோவுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. ஐஸ்கிறீம் வானுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. எனக்கு மட்டும் ரப்பர் ஹோர்ன். வாயால் சொல்ல முடியாததை ஒரு ஸ்பீக்கர் சொல்லட்டும். நாளைக்கும் வந்து நிற்பேன் என்று அவள் வீட்டுப் படலையில் போய்ச் சொல்லட்டும்.

மன்னார் பட்டினத்தில் றிஸ்வியின் போன் கடை. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வைத்து, "அந்தப் பாட்டு" என்றேன். எந்தப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பாட்டுத்தான் இருந்தது.

"அதில பதினாலு வகை கிடக்கு அண்ணன். எதைப் போட?"

இந்த இடத்தில் ஒரு ஆள் 'பேசாலைப் பொடியன் கித்தாரோட பாடினது' என்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் இரண்டு பெண்பிள்ளைகள் நின்றார்கள். காதல் பாட்டுக் கேட்க எனக்கு வெட்கம்.

"ஏதாவது" என்றேன்.

றிஸ்வி கடைசியாக யாருக்கோ போட்டுக் கொடுத்ததையே மெமரி கார்டில் ஏற்றித் தந்தார். குரல் இல்லை. சாக்ஸபோன் மட்டும், ஆறுதலாக ஊதுகிறது. கேட்டுப் பார்த்தேன். பரவாயில்லை, அவளுக்குச் சொல் தெரியும்தானே என்று நினைத்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. எங்கள் அரிப்பில் ஒரு ஆள் செத்தால் கோயில் மணி அடிப்பார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும். நானாட்டான் பக்கம் வயலும் வளவுமாகப் பரந்த ஊர். மணிச் சத்தம் எல்லா இடமும் போகாது. அங்கே கனகு அண்ணன் ஓட்டோவில் லவுட்ஸ்பீக்கர் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போவார். முதலில் கொஞ்சம் இசை. பிறகு அமைதி. பிறகு செத்தவரின் பெயர். நான் போகாத அந்த இரண்டு கிழமைக்குள் கனகு அண்ணன் பழைய இசை சலித்துப்போய், றிஸ்வியின் கடையில் "துக்கமா ஒண்டு போடும்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தச் சாக்ஸபோன். அதற்குள் ஊரில் மூன்று சாவு. சனத்தின் காதில் அது நன்றாக ஏறிவிட்டது.

காற்று விழுந்தது. முதல் நாள் மீன். ஸ்பீக்கரைப் பெட்டிக்குப் பின்னால் மறைத்துக் கட்டினேன். (வெய்யில் படக்கூடாதெண்டு.) றோட்டில் வைத்தே பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினேன். வழக்கமாக முதலில் கடைசி வீட்டுக்குப் போய்த்தான் மற்ற வீடுகளுக்கு வருவேன்.

அப்படி ஒரு வரவேற்பை நான் கண்டதில்லை. எல்லா வீட்டுப் படலையும் திறந்தது. ஆண்கள் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு நின்றார்கள். பெண்கள் தலையில் சீலையை இழுத்துப் போட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கிழமை மீன் இல்லாமல் சனம் இப்படித் தவித்திருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. ஒன்றுதான் விளங்கவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ தேடினார்கள்.

கடைசி வீட்டுக்கு இன்னும் இரண்டு வளவு இருக்கிறது. அங்கிருந்து திரேசம்மாவின் குரல் எழும்பியது.

"என்ர ராசா, சொல்லாமப் போட்டியே."

நான் பாட்டை நிறுத்தினேன். சாவு வீட்டில் பாட்டுப் போடக்கூடாது, அந்த அளவு புத்தி இருந்தது. பாட்டு நின்றதும் ஒழுங்கை முழுக்க அமைதி. பெயர் வரப்போகிறது என்று எல்லாரும் நின்றிருக்கிறார்கள். பெயருக்குப் பதிலாக அழுகை வந்தது. பிறகு யாருக்குப் பெயர் வேண்டும். சனம் அந்த வீட்டை நோக்கி ஓடியது. நானும் ஓடினேன்.

திரேசம்மா பாட்டைக் கேட்டு அழுதார். சனம் திரேசம்மா அழுததைக் கேட்டு அழுதது. சனம் அழுவதைப் பார்த்துத் திரேசம்மாவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. யார் சொன்னது என்று ஒருவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தார்.

"ஜூட்டுக்கு அடிச்சுப் பாருங்கோ." ஜூட் மகன். ஆஸ்பத்திரியில் தகப்பனோடு நின்றவன்.

"போன் ஓஃப்."

"அப்ப சரிதான்."

செபமாலை ஐயா செத்தது அந்த இரண்டு சொல்லில்தான் உறுதியானது.

நான் மோட்டார் சைக்கிளை வேப்பமரத்துக்குக் கீழே விட்டேன். றெஜினா கதவடியில் நின்றாள். தலையைக் குனிந்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். முடிவு சொல்ல வேண்டிய மனிதர் போய்விட்டார், இனி இந்தப் பேச்சு எழும்பாது என்று நினைத்தேன். மருமகன் ஆகாவிட்டாலும் மருமகனுடைய வேலையையாவது செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

செய்தேன். சனசமூக நிலையத்தில் இருந்து அறுபது கதிரை சுமந்தேன். கோயிலில் மணி அடிக்கிறவரைப் போய்க் கூட்டிவந்து மணி அடிப்பித்தேன். அவர் "ஆர் சொன்னது?" என்று கேட்டார். "வீட்டில அழுகினம்" என்றேன். அவருக்கு அது போதும். ராமையா அண்ணன், மலையகத்தில் இருந்து வந்து அந்த ஒழுங்கையில் குடியிருக்கிறவர், தன் வீட்டு ஏணியைத் தந்தார். வெள்ளைத் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கொடியாக்கி, ஒழுங்கை முகப்பில் இருந்து மரம் மரமாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

பதினொரு மணி இருக்கும். நான் ஏணியில். வாயில் கயிறு. கீழே ஒருவர் வந்து நின்றார். தலையில் துவாய், முகத்தில் மாஸ்க், கையில் ஒரு பை.

"ஆர் தம்பி?"

"கடைசி வீடு."

"கடைசி வீட்டில ஆர்?"

"செபமாலை ஐயா."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"விடிய."

"என்னவாம்?"

"நெஞ்சு."

"ஆள் எப்பிடி?"

வெளியூர் ஆள் என்று நினைத்தேன். செத்தவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும். அவரோடு நான் பேசியது மொத்தம் இரண்டு தரம்.

"நேர்மை. முற்கோபம். செவுளைப் பிரிச்சுப் பாக்காமல் மீன் எடார்."

"நீர் அவருக்கு என்ன முறை?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத ஆள் ஏன் ஏணியில நிக்கிறீர்?"

"அவற்ற மகளைக் கேட்டனாங்கள். வந்து சொல்லுறன் எண்டவர்."

"தருவார் எண்டு நினைச்சனீரோ?"

"இல்லை."

"ஏன்?"

யோசித்தேன். "நான் எண்டாலும் குடுக்கமாட்டன்."

"பிறகேன் கொடி கட்டுறீர்?"

"ஆரும் கட்டத்தானே வேணும். வீட்டில ஆம்பிளை இல்லை."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் கொஞ்சம் தள்ளி நின்று மேலே பார்த்தார்.

"அந்தக் கொடி சரிஞ்சு கிடக்கு. நிமித்திப்போட்டு இறங்கும்."

நிமிர்த்தினேன். திரும்பிக் கீழே பார்த்தேன். அவர் மாஸ்க்கைக் கழற்றியிருந்தார்.

ஏணி நின்ற இடத்தில்தான் நின்றது. நான் மட்டும் கீழே வந்தேன்.

அன்று காலை வார்ட்டில் அவருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஜூட் சந்திக் கடையில் சோடா வாங்க நின்றான். இவர் நடந்து வந்தார். ஜூட்டின் போன் ஏன் ஓஃப்? ஆஸ்பத்திரியில் அந்தப் பாட்டின் பதினாலு வகையையும் மாறி மாறிக் கேட்டு சார்ஜ் முடிந்திருக்கிறது.

அவர் வளவுக்குள் போனதை நான் சரியாகப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். அறுபது கதிரையும் ஒரே நேரத்தில் எழும்பியது. மாமி மயங்கி விழுந்தார். திரேசம்மா மயங்கவில்லை. போய்ப் புருசனின் தோளில் இரண்டு அடி அடித்தார்.

"வாறனெண்டு ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"நான் சாகிறனெண்டும் சொல்லேல்லையே."

பிறகுதான் விசாரணை. ஐயா நான் சுமந்த கதிரை ஒன்றில், தன்னுடைய சாவு வீட்டில், நடுவில் இருந்தார்.

"முதல் ஆர் சொன்னது?"

"மணி கேட்டது" என்றது ஒரு பக்கம். "இவ அழுதது கேட்டது" என்றது மறு பக்கம். திரேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கனகுவின்ர பாட்டுக் கேட்டது" என்றார்.

கனகு அண்ணன் அப்போதுதான் கோபத்தோடு வந்து சேர்ந்திருந்தார். தன்னிடம் சொல்லாமல் ஊரில் ஒரு சாவு நடந்தது அவருக்கு மரியாதைக் குறைவு. "நான் ஓட்டோவை வெளியில எடுத்து மூண்டு நாள். ரயர் இல்லாமல் கிடக்கு. என்ர பாட்டை ஆர் போட்டது?"

பேசாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் றெஜினா என்னுடைய மீன் பெட்டியைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

போய் ஸ்பீக்கரை அவிழ்த்துக் கொண்டுவந்து, நடுவில் வைத்துப் பட்டனை அமத்தினேன். சாக்ஸபோன் ஊதியது. திரேசம்மா காதைப் பொத்தினார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு."

ஆனால் ராமையா அண்ணன் தலையைச் சரித்துக் கேட்டார். "இது எங்க அம்மன் கோயில் பாட்டில்ல. தப்பு இல்லாம என்னத்துக்கு இழுக்குறான்?"

"அது மாதா பாட்டு" என்றார் மணி அடிக்கிறவர்.

"கலியாண வீட்டில ஆடுறதெல்லோ?" என்றாள் ஒரு பெண்.

எது சரி என்று பார்க்க ஜூட் போனை சார்ஜில் போட்டு ஒவ்வொன்றாகப் போட்டான். கதிரை அறுபதும் போட்டபடி இருந்தது. சனம் இருந்து கேட்டது. பைலாவுக்குக் கால் ஆடியது. எருக்கலம்பிட்டியாரின் றபான் வந்தபோது எல்லாரும் தானாக அமைதி ஆனார்கள். மாதா பாட்டுக்கு இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பனிக்குள் நின்று பாடினவருக்கு ஒரு தாய் அழுதார், மகன் அங்கே இருக்கிறான். எல்லாம் ஒரே மெட்டு. பாட்டுக்குள் துக்கமும் இல்லை, சந்தோசமும் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. ஒருவன் அதை முதலில் எந்த வீட்டில் கேட்டானோ, அந்த வீட்டைத்தான் அது அவனுக்குக் கொண்டுவருகிறது.

கடைசியாக ஜூட் பேசாலைப் பொடியனைப் போட்டான்.

"நீர் வாங்கப் போனது இதையோ?" ஐயா என்னைக் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"கடைக்காரனிட்ட என்ன கேட்டனீர்?"

"ஏதாவது எண்டு."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் பயந்துபோனோம். சிரித்திருக்கிறார்.

மத்தியானம் செய்தி கேட்டு அரிப்பில் இருந்து அக்கா வந்திறங்கினார். வெள்ளைச் சீலை, கையில் மெழுகுதிரிப் பெட்டி, ஒழுங்கை முகப்பிலேயே அழத் தொடங்கியிருந்தார். படலைக்குள் வந்து ஐயாவைக் கண்டதும் அழுகை பாதியில் நின்றது. மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார் ஐயா. "செத்த வீட்டுக்கு வந்தனீங்கள். வந்ததோட கலியாணத்தையும் பேசி முடிச்சுப்போட்டுப் போங்கோ."

திரேசம்மா முறைத்தார். "யோசிக்கவேணும் எண்டு சொன்னனீங்கள்."

"யோசிச்சாச்சு. நான் செத்தாப்பிறகும் என்னைப் பற்றிப் பொய் சொல்லாத ஆள். முற்கோபமாம் எனக்கு."

"அது உண்மைதானே."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவ்வளவு விளைமீனும் அந்தச் சனத்துக்கே சமைத்தோம். ஐயா தன்னுடைய மீனின் செவுளை என் முன்னால் பிரித்துப் பார்த்தார்.

இது நடந்து எட்டு வருடம். நான் பழையபடி ரப்பர் ஹோர்ன். மணி அடிக்கிறவர் இப்போது தானே போய்ப் பிரேதத்தைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடிக்கிறார். ஐயா நன்றாக இருக்கிறார், வயலுக்கும் போகிறார். என்னை யாருக்காவது காட்டுவதென்றால், "என்னைப் புதைக்க வந்தவர், மகளைக் கொண்டுபோட்டார்" என்பார்.

ஆனால் வீட்டில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை என்னைப் பற்றியது இல்லை. றெஜினாவைப் பற்றியது. அன்று தாய் கத்தி விழுந்தபோது அவள் கிணற்றடியில் இருந்து வந்தாளாம். மாமிதான் முதலில் கண்டது. முகம் முழுக்கச் சிரிப்பாம். விசயம் தெரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றதாம். ஐயா அதை விடமாட்டார். "நான் செத்த அண்டு என்ர மகள் சிரிச்சுக்கொண்டு வந்தவள்" என்று பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்வார். பிள்ளைகள் "ஏனம்மா சிரிச்சனீங்கள்?" என்று துளைக்கும். அவள் எழும்பித் தேத்தண்ணீர் போடப் போய்விடுவாள்.

எனக்கு ஒரு தரம் சொன்னாள்.

"அம்மா பாட்டை மட்டும்தான் கேட்டவ. நான் மோட்டார் சைக்கிளையும் கேட்டனான். இந்த மனுசன் இண்டைக்குத்தான் வாய் திறந்திருக்கெண்டு நினைச்சன். பிறகு ஊரே அழ நானும் நம்பிப்போட்டன்."

அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் என்ன என்று கேட்டேன். தகப்பன் செத்ததுக்குச் சிரித்தவள் என்ற பெயர் எதற்கு.

"அப்பாவுக்கு அந்தக் கதை நல்ல விருப்பம்" என்றாள். "விடுங்கோ."

விட்டிருக்கிறோம். போன நத்தாருக்கும் சொன்னார்.